கரண்ட் போனால் விழிக்கிற பிள்ளை

சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடம் அரைநாள் என்பதால் நான் வீட்டில் இருந்தேன். மகள் மலர், சிமெண்டுத் தரையில் விரித்த பழைய சேலையில் ஒருவழியாகத் தூங்கிப்போயிருந்தாள். அந்த ‘ஒருவழியாக’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவளைப் படுக்கவைப்பதற்குள் எனக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகளை மேய்த்த களைப்பு வந்துவிடும். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். கரண்ட் போனது.

செல்லூரில் கரண்ட் போவதென்றால் விளக்கு அணைவது மட்டுமில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை. தறிகள் எல்லாம் இழுத்துப் பிடித்தாற்போல் நின்றுவிடும். தெருவில் திடீரென்று ஓர் அமைதி வந்து உட்காரும். அந்த அமைதியில் முதலில் வீறிடுவது எங்கள் மலர்தான். அடுத்து எதிர்வீட்டுக் கைக்குழந்தை. அதற்கடுத்து முக்குவீட்டு இரட்டைப் பிள்ளைகள். எல்லாம் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவை. சத்தம் நின்றால்தான் அவற்றுக்குத் தூக்கம் கலையும்.

அன்றும் மலர் எழுந்து உட்கார்ந்து அழுதாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நான் எழுவதற்குள் அவள் அப்பா வாசலில் நின்றார். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. கையில் ஸ்பேனர்.

“பாத்தியா?” என்றார் என்னிடம். “பாத்தியா இல்லையா? தறி நின்ன மறு நிமிசம் முழிச்சுட்டா. இந்தப் பிள்ளைக்குப் போயி காது கேக்கலங்கிற நீயி.”

அவர் ஸ்பேனரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். முன்னறைக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பித்தார். அந்த மனிதருக்கு ஓரிடத்தில் நின்று பிள்ளையைத் தட்டிக்கொடுக்கத் தெரியாது.

அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் நடந்த சண்டை இது ஒன்றுதான். பிள்ளைக்குக் காது கேட்கிறதா, இல்லையா.

மகளின் புகார்

“இம்புட்டு வாரமா எழுதுற. அப்பாவப் பத்தி ஒரு வாரம்கூட முழுசா வரலையே” என்று இந்தத் தொடரைப் படித்துவிட்டு மலர் கடிதம் எழுதிக் குறைப்பட்டுக்கொண்டாள். எழுதினால் அதில் நீயும் வருவாய், பரவாயில்லையா என்றேன். நான் இல்லாமல் அப்பாவுக்கு ஏது கதை என்றாள். துடுக்கு அப்படி. அது என் பக்கத்திலிருந்து வந்ததல்ல.

என் வீட்டுக்காரர் பெயர் சாமுவேல். இதை எழுதும்போது இந்த வயதிலும் பேனா ஒரு நொடி நிற்கிறது. எங்கள் காலத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று பெயர்தான், இந்த விஷயத்தில் நான் சுத்தப் பட்டிக்காடு. கோயிலில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வரும்போது நடுவில் அந்தப் பெயர் வந்துவிட்டால், இருமல் வந்ததுபோல் பாவனை செய்து தாண்டிவிடுவேன். எங்கள் சபைப் போதகரான ஐயரும் கண்டுகொள்ள மாட்டார். வெளியில் வந்ததும் இவர்தான், “இன்னைக்கு எத்தன தடவ இருமின?” என்று கேட்டுச் சிரிப்பார்.

பக்கத்துக் கொட்டகையில் அவர் ஃபிட்டர். தறியில் பெல்ட் அறுந்தாலும் சக்கரத்தின் பல் தேய்ந்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கேட்டு வாங்கியது இரண்டாவது ஷிப்டு. மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரி பத்து மணி. மற்றவர்கள் அந்த ஷிப்டைக் கண்டால் ஓடுவார்கள். இவர் விரும்பி வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான். காலை நேரம் முழுக்கப் பிள்ளை அவர் கையில் இருக்கும்.

நான் எட்டரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், அதற்கப்புறம் எண்ணெய் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் அவர் வேலை. இரண்டு மணிக்கு அடுத்த வீட்டு சகுந்தலா அக்காவிடம் விடுவார். நாலரைக்கு நான் வந்து வாங்கிக்கொள்வேன். அந்த இரண்டரை மணி நேரத்துக்குள்ளும் அவர் தண்ணீர் குடிக்க, வெற்றிலை போட என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவதாக அக்கா சொல்வார்.

அந்தக் காலத்தில் ஆம்பிளை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் கேலிதான். இவர் அப்படியே டீக்கடைக்கும் போவார்.

“சாமுண்ணே, பால் குடுக்குறது ஒண்ணுதான் பாக்கி போல” என்பான் எவனாவது.

“அதுக்கும் ஒரு வழி இருந்தாச் சொல்லு மாப்ள. நாளைக்கே செஞ்சுருவோம்” என்பார் இவர். கோபமே வராது.

பேச்சு

அவரைப் பற்றி எழுதும்போது அவருடைய பேச்சைப் பற்றி எழுதாவிட்டால் எழுதியதே வீண். தறிக் கொட்டகைக்குள் யாரும் பேச முடியாது. கையை ஆட்டியும் உதட்டை அசைத்தும்தான் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே எட்டு மணி நேரம் அடக்கிவைத்ததை வெளியே வந்து கொட்டிவிடுவார் என் வீட்டுக்காரர். குரலும் சாதாரணக் குரல் அல்ல. அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது வீட்டில் பதில் வரும்.

அந்தப் பேச்சில் பெரும்பங்கு மலருக்குத்தான். எந்தத் தறி நேற்று மக்கர் செய்தது, எவன் குடித்துவிட்டு வந்தான், முதலாளி மகன் வாங்கிய புது ஸ்கூட்டர் மேம்பாலத்தில் எப்படி நின்றுபோனது, எல்லாவற்றையும் ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் சொல்லுவார். நடுவில், “நீ என்ன சொல்ற, அவன் செஞ்சது சரியா?” என்று கருத்தும் கேட்பார். அவள் அவர் தொண்டையில் ஒரு கையை வைத்தபடி, கண் கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வாயை ஒரு பக்கம் கோணி அவர் ஒருவனைப் போல் நடித்துக் காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

“அப்பன் பேசினா வாயையே பாக்குறா பாரு. உன் வகுப்புல எவளாச்சும் இப்புடிப் பாடம் கேப்பாளா?” என்பார் என்னிடம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று விட்டுவிட்டேன். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மணி அடித்தபோது

எனக்குச் சந்தேகம் வந்தது பள்ளிக்கூடத்தில். ஆண்டு விழா ஒத்திகைக்கு ஒருநாள் மலரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வேப்பமரத்தடியில் புளியங்கொட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், நாலு எட்டு தூரத்தில், தண்டவாளத் துண்டு தொங்கும். அதுதான் எங்கள் பள்ளி மணி. பியூன் வந்து இரும்புக் கம்பியால் அடித்தார். மைதானத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் திரும்பின. ஒரு காக்கைக் கூட்டம் மரத்திலிருந்து கிளம்பியது. என் பிள்ளை அடுத்த புளியங்கொட்டையை எடுத்து வைத்தாள்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் நான். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள் எத்தனை வகை என்று எனக்குத் தெரியும். இது அந்த வகைகளில் சேரவில்லை.

சாயங்காலம் ஷிப்டு இடைவெளியில் சாப்பிட வந்தவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே, “விளையாட்டு ஞாபகத்துல இருந்திருப்பா” என்றார். நான் விடவில்லை. இவரும் விடவில்லை. கை கழுவியதும் சோதனையை ஆரம்பித்தார்.

பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று ஓங்கிக் கை தட்டினார். மலர் திரும்பினாள். கதவை அறைந்து சாத்தினார். திரும்பினாள். அடுப்படியிலிருந்து பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து தரையில் போட்டார். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மலர் திரும்பிப் பார்த்து, அண்டாவை நோக்கி ஓடிவந்தாள்.

“இதுக்கு மேல என்ன வேணும் டீச்சரம்மா?” என்றார். சண்டை வந்தால் மட்டும் நான் டீச்சரம்மா.

நான் பின்னால் நின்று மெதுவாக, “மலர்” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை.

“இந்தத் தெருவுல நீ மெதுவாப் பேசினா எனக்கே கேக்காது. பிள்ளைக்கு எப்புடிக் கேக்கும்?”

அதுவும் வாஸ்தவம்தான். அந்தத் தெருவில் யாருக்கு என்ன கேட்டது? எல்லாரும் கத்திக்கொண்டும் கை காட்டிக்கொண்டும்தான் இருந்தோம். அதனால்தான் எங்களுக்கு அத்தனை நாள் ஒன்றும் தெரியவில்லை.

பெரிய பெல்

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். மனசு செல்லூர்ச் சந்தில் ஓடிக்கொண்டிருக்கும். மலர் நிற்கிற பிள்ளை இல்லை. கதவு திறந்தால் தெரு, தெருவில் இறங்கினால் முக்கு. நூல் பொதி ஏற்றிய வண்டிகளும் சைக்கிள்களும் இடித்துக்கொண்டு போகிற சந்து அது. மற்ற பிள்ளைகளை வாசலில் நின்று அதட்டலாம். இவளை ஓடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒருநாள் காலையில் தறிக்குப் போகும் பாவு நூல் உருளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மூன்று சக்கர வண்டி சந்தில் வந்தது. மலர் நடுத்தெருவில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பிள்ளை எழுந்துகொள்ளும் என்று கடைசி வரை நினைத்தாராம். அவள் முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். பாவு ரோல் ஒன்று சாக்கடையில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் ஓடிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்காரர் சட்டையைப் பிடித்தார்.

“பெல் அடிச்சியா?”

“அடிச்சேண்ணே. கை வலிக்க அடிச்சேன். பிள்ளை அசையலண்ணே.”

இவர் அந்த மணியை அமுக்கிப் பார்த்தார். கிணிங் என்றது. “இதெல்லாம் ஒரு பெல்லா? கொசு கத்துன மாதிரி இருக்கு” என்றார்.

அடுத்த நாள் டவுனுக்குப் போய், உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய பெல் ஒன்று வாங்கி வந்தார். அந்த வண்டிக்காரர் வந்ததும் நிறுத்தி, அவரே ஸ்பேனர் எடுத்துக் கழற்றி மாட்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் மண்டையில் ஒன்று போட வேண்டும் என்றும் இருந்தது. பெற்ற பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்வதைவிட, ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் பெல் மாட்டுவது அந்த மனிதருக்குச் சுலபமாக இருந்தது.

கொட்டாம்பட்டியிலிருந்து அவருடைய அக்கா வந்தார். பிள்ளையின் நாக்கில் வசம்பைத் தேய்த்தார். “இவனும் நாலு வயசு வரைக்கும் வாயத் தெறக்கல. அதுக்கப்புறம் மூடல. இவளும் அப்பனைக் கொண்டுருப்பா” என்றார். ஞாயிற்றுக்கிழமை ஐயர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். எல்லாரும் நல்ல மனசோடுதான் செய்தார்கள். எனக்கு மட்டும் நாள்கள் கைநழுவிப் போவதுபோல் இருந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம். இல்லைன்னு சொல்லிட்டா நிம்மதிதானே?” என்று கெஞ்சினேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா இல்லாத சீக்கையும் எழுதிக் குடுப்பாங்க. கரண்ட் போனா முழிக்கிறாளா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லு மொதல்ல.”

அவர் பிடித்த முயலுக்கு அந்த ஒரு கால்தான். ஆனால் அதை என்னால் அசைக்க முடியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது மலர் அப்படி விழிக்கவும் மாட்டாள். தொட்டிலில் போட்டால் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன. சமத்து என்று சகுந்தலா அக்கா நெட்டி முறிப்பார். பிறகு தொட்டிலிலிருந்து எகிறி விழப் பழகியதால் தரையில் படுக்கவைத்தோம். அதிலிருந்துதான் தறி நின்றால் விழித்து அழ ஆரம்பித்தாள்.

இவர் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். “மொதல்ல கேக்கல, ஒத்துக்கிறேன். இப்பக் கேக்குது. போகப் போகப் பேச்சும் தன்னால வரும்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார், பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்லுவார்.

ஐப்பசி மழை

அந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வைகை கரை தொட்டு ஓடுகிறது என்று பார்க்கப் போகிற கூட்டம் ஒரு பக்கம். சந்தில் முழங்கால் தண்ணீர் ஒரு பக்கம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் ஓடு ஒழுகித் தரையெல்லாம் ஈரம். பிள்ளையைக் கீழே படுக்கவைக்க வழியில்லை. இவர் ஷிப்டுக்குப் போகும் முன் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய நூல் சேலையை எடுத்து, உத்திரத்தில் கயிறு போட்டு, அதில் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மலருக்கு அதில் கால் கொள்ளவில்லை. இரண்டு பாதமும் வெளியே தொங்கின. கொஞ்ச நேரம் புரண்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

மூன்று மணி இருக்கும். கரண்ட் போனது. தறிகள் நின்றன. மழைச் சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. எதிர்வீட்டுக் குழந்தை அழுதது. முக்குவீட்டு இரட்டைகள் ஒன்று மாற்றி ஒன்று அழுதன. நான் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஓர் அசைவும் இல்லை. கிட்டே போய்ச் சேலையை விலக்கிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, எச்சில் வழிய, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இவர் மழையில் ஓடிவந்தார். ‘பாத்தியா’ என்பதைச் சொல்ல வாய் திறந்தபடியே வந்தவர், நிலைப்படியில் நின்றுவிட்டார். தெருவில் எல்லார் வீட்டுப் பிள்ளையும் அழுகிறது. எங்கள் வீட்டில் சத்தமில்லை.

“தூங்குறாளா?”

“ம்.”

“மலரு” என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, “மலரு.”

தொட்டிலுக்குப் பக்கத்தில் போனார். கொட்டகையின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு ஆளைக் கூப்பிடுவாரே, அந்தக் குரலில் கூப்பிட்டார். எதிர்வீட்டுக் குழந்தை பயந்து அழுகையை நிறுத்திவிட்டது. என்னமோ ஏதோ என்று சகுந்தலா அக்கா குடையோடு வாசலுக்கு ஓடிவந்தார். தொட்டிலுக்கு வெளியே தொங்கிய அந்த இரண்டு பாதங்களும் அசையவில்லை. மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டபோது குரல் பாதியில் உடைந்துபோனது.

அப்போது கரண்ட் வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன.

இவர் எதையோ யோசித்தவர்போல் மெல்லக் கீழே குந்தினார். ஈரத் தரையில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எழுந்து தொட்டில் சேலையைத் தொட்டுப் பார்த்தார். என் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் அழுத்திவைத்தார்.

தரை நடுங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய நடுக்கம், உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஏறியது. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தரையில்தான் நடந்தேன், சமைத்தேன், படுத்தேன். காலுக்குக் கீழே இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்ததே இல்லை.

“இங்க இருக்கு” என்றார். தொட்டிலைக் காட்டி, “அங்க இல்ல” என்றார். மறுபடி தரையைத் தொட்டு, “சத்தம் நின்னு முழிக்கல இவ. தரை நின்னாத்தான் முழிச்சிருக்கா” என்றார்.

கை தட்டியபோது முதுகில் பட்ட காற்று. அறைந்த கதவு, விழுந்த அண்டா, எல்லாம் தரை வழியாகப் போய் அவளைத் தொட்டிருக்கின்றன. ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. நான் ஜெயித்துவிட்டேன். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட ஜெயம். சகுந்தலா அக்கா தோளில் சாய்ந்துகொண்டு அழுதேன்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்று சொல்லிவிட்டு அவர் மழையில் இறங்கிக் கொட்டகைக்குப் போனார். துண்டை மறந்துவிட்டுப் போனார்.

ஒரே ஒரு கேள்வி

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திய ஓர் அறையில் மலரை என் மடியில் உட்காரவைத்தார். ஒருவர் முன்னால் பொம்மையைக் காட்டி அவளை ஈர்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா பின்னால் தள்ளி நின்று சின்ன மணி, பெரிய மணி, கிலுகிலுப்பை, கடைசியில் ஒரு மத்தளம் என்று ஒவ்வொன்றாக ஒலிக்கவைத்தார். மலர் பொம்மையின் மூக்கைப் பிடுங்குவதிலேயே கவனமாக இருந்தாள்.

“ரொம்பக் கெட்டிக்காரப் பிள்ளை. காத்து, நிழல், தரை அதிர்வு எல்லாத்தையும் வச்சுச் சமாளிச்சுக்கிட்டு இருந்திருக்கா. பிறவியிலேயே காது கேக்கல. அதனாலதான் பேச்சும் வரல” என்றார்.

என் வீட்டுக்காரர் சுவரோரமாக நின்றிருந்தார். அன்று வெளுத்த சட்டை போட்டிருந்தார், ஆனாலும் காதோரத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. வந்ததிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப இத்தன நாளா நான் அவகிட்டப் பேசுனது?”

டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை என்று நினைக்கிறேன். “அவளுக்குக் கேட்டிருக்காதுங்க” என்று தன்மையாகத்தான் சொன்னார். இவர் தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். மார்பில் மாட்டிக்கொள்ளும் காதுக் கருவி ஒன்று இருக்கிறது, இவளுக்கு எவ்வளவு உதவும் என்று சொல்ல முடியாது, மூன்று வயதில் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று மற்றதையெல்லாம் நான்தான் கேட்டுக்கொண்டேன்.

பேசாத மனுஷன்

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. என்னிடம் உப்பு, தண்ணீர் என்று வேண்டியதைக் கேட்பார். பிள்ளையிடம் ஒரு வார்த்தை இல்லை. எண்ணெய் தேய்த்தார், தலை சீவினார், சோறு ஊட்டினார். முன்னைவிடப் பத்திரமாகவே செய்தார். ஆனால் அவர் முகம் மூடிக்கொண்டது. டீக்கடைக்கும் போவதில்லை. என்னமோ சாமுண்ணே சரியில்லையே என்று சகுந்தலா அக்கா வீட்டுக்காரர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

பிள்ளைக்குக் காது கேட்காது என்பதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். எனக்கு அது முன்பே தெரியும். வீட்டில் அவர் பேச்சு நின்றுபோனதைத்தான் தாங்க முடியவில்லை. தறிச் சத்தத்தை மீறி ஒலித்த குரல் அது. அது இல்லாத வீட்டில் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த பாத்திரத்தையே மறுபடி துடைத்தேன்.

மலர் அதைவிட மோசம். ஊட்டிய சோற்றைத் துப்பினாள். தட்டைத் தட்டிவிட்டாள். அவர் போகுமிடமெல்லாம் வேட்டியைப் பிடித்துக்கொண்டே அலைந்தாள். தூக்கினால் இறங்குவாள். இறக்கினால் அழுவாள்.

“பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்களேன்” என்றேன்.

“எதுக்கு?” என்றார்.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் குழாயடிக் கல்லில் மலரை உட்காரவைத்து அவர் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது. அவள் நெளிந்தாள், காலை உதைத்தாள், அவர் அடக்கிப் பிடித்துத் தேய்த்தார். திடீரென்று அவள் நுரை வழியும் இரண்டு கைகளாலும் அவர் தாடையைப் பிடித்தாள். முகத்தைத் தன் பக்கம் நிமிர்த்தினாள். கீழுதட்டைப் பிடித்து இழுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் விடவில்லை. மறுபடி தாடையைப் பிடித்துத் திருப்பி, மேலும் கீழுமாக அசைத்தாள். நின்றுபோன எதையோ ஓட்டிப் பார்ப்பதுபோல் அசைத்தாள். அதுவும் நடக்காமல் போகவே ஓர் உள்ளங்கையை அவர் தொண்டைக்குழியில் வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையால் வாயில் பட் பட்டென்று அடித்தாள். அழவில்லை. கோபம். வர வேண்டியது ஏன் வரவில்லை என்கிற கோபம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்கள் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்த நொடியில்தான் புரிந்தது. நான் பையைக் கீழே வைத்தேன்.

“என்னடி?” என்றார் அவளிடம். “என்ன வேணும் ஒனக்கு?”

தொண்டையில் இருந்த கை அப்படியே நின்றது. மற்றக் கையும் அடிப்பதை நிறுத்தியது. மலர் அவர் வாயைப் பார்த்தாள். இன்னும் வரட்டும் என்பதுபோல் தொண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அவர் முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முந்தாநாள் கொட்டகையில் ஆறாம் தறியின் பெல்ட் அறுந்து, பறந்துபோய், தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் மடியில் விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வாட்ச்மேன் எப்படி எழுந்து ஓடினார் என்று முகத்தைக் கோணிக் காட்டினார். மலர் கல்லில் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கதையை நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்திருப்பார்கள். நான் நிலையில் சாய்ந்துகொண்டு முழுக்கதையையும் கேட்டேன்.